மடிக்கு ரசீது

நாலாவது மாடி மொட்டைத்தளம்.
சில்லருக்குப் பின்னால் ஒரு முழம் நிழல்.
ஹெல்மெட்டைக் கவிழ்த்து
அதில் செல்போனைச் சாய்த்துவைத்தேன்.
பதினொன்று இருபதுக்குத்
திரைக்குள் கோர்ட் வந்தது.

நீதிபதி, விமானக் கம்பெனி வக்கீல்,
மொழிபெயர்க்கிற அம்மா,
கீழ்மூலைக் கட்டத்தில் வியர்த்தபடி வீரபாகு.

அந்த ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி.
ஃபேன் இல்லை ஐயா,
அறுபது வீட்டுக் குளிர் இது,
நிறுத்தினால் என்மேல் அறுபது வழக்கு வரும்.
அவர் சிரித்தார்,
நான் சொல்லி ஒன்பது நொடி கழித்து.

தாமதம்.
அதற்குத்தானே வந்திருக்கிறேன்.
ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு இருபத்தொரு மணி நேரம்.
முதலில் ஒரு மணி என்றது பலகை,
பிறகு மூன்று,
பிறகு அதுவும் பேச்சை நிறுத்திவிட்டது.
ஒரு பன்னுக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கும் கூப்பன்.
நடுராத்திரி கேட்டை மாற்றினார்கள்.
நூற்றெழுபது பேர் பையோடு ஓடினோம்.
அங்கே விமானம் இல்லை.
ஒருவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார்,
ஈரம், மெல்ல, என்றார்.

ரோலா டைப்பிங் சென்டரில்
ஸெய்யிது மீரா கேட்டிருந்தார்:
நஷ்டம் எவ்வளவு, திர்ஹமில் சொல்லுங்க.
திருச்சியில் காத்துக்கிடந்த காருக்கு எண்பத்தெட்டு.
லீவு ஒருநாள் கூடியதற்குச் சம்பளத்தில் பிடித்தது நூற்றுப்பத்து.
அப்புறம்?
அப்புறம், தங்கச்சி மகள் மிர்துளாவுக்குக் காதுகுத்து.
ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம்.
என் மடி.
தட்டிக்கொண்டிருந்த விரல்கள் அந்தரத்தில் நின்றன.
மடிக்கு ரசீது இருக்கா?

கம்பெனியின் பதில் கடிதத்தில் நான் அங்கிள்.
எங்கள் கேம்ப் டிரைவரும் அங்கிள்,
மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவரும் அங்கிள்.

வக்கீல் கோட்டயத்துக்காரர், முறை தெரிந்தவர்.
காதுகுத்து நடந்ததா?
நடந்தது.
இரண்டு காதுமா?
இரண்டும்.
யார் மடியில்?
பெரியப்பா மகன் அருள்வேல் மடியில்.
அவரும் தாய்மாமன் முறைதானே?

முறையைப் பொய் சொல்ல முடியுமா.
ஆமாம் என்றேன்.
அப்படியானால் உங்களுக்கு என்ன இழப்பு என்றார்.
அந்த நேரம் பார்த்துச்
சில்லரும் மூச்சை அடக்கிக்கொண்டது.

மொழிபெயர்க்கிற அம்மா அதையெல்லாம் அரபியில் சொன்னார்.
நடுவில் ஒரு சொல்: கால்.
நீதிபதி நிமிர்ந்தார்.
கால்? என்றார்.
நீட்டியிருந்தது தெரிந்துவிட்டதோ என்று
பூட்ஸை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பிறகுதான் விளங்கியது.
அம்மாவோடு பிறந்தவனுக்கு
அவர்கள் பேச்சில் அதுதான் பெயர்.
அப்பா வழிக்கு வேறு சொல்லாம்.
சரிதான்,
மடி என்பது இரண்டு கால்தானே.

அவருக்கும் மூன்று பேர் இருந்தார்களாம்,
மொழிபெயர்க்கிற அம்மா சொன்னார்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எதையோ எழுதினார்.
திரை அணைந்தது.
நான் ஃபில்டர் மாற்றப் போனேன்.

பதினேழு நாள் கழித்துத் தீர்ப்பு.
காருக்கு உண்டு. சம்பளத்துக்கு உண்டு.
கட்டிய ஃபீஸும் திரும்ப வரும்.
மடிக்கு எதுவுமில்லை.
ஆனால் நாலாவது வரியில் அந்தச் சொல் இருக்கிறதென்று
ஸெய்யிது மீரா நகத்தால் காட்டினார்.
இரண்டு நெட்டைக் கோடு,
தலைக்குமேல் ஒரு துளி புள்ளி,
ஊசி போய்வந்த இடம்போல.

அன்று ராத்திரி
ரூமில் ஆளாளுக்கு மெத்தையைத் தூக்கினார்கள்.
குவைத் சீட்டு, தோஹா சீட்டு,
ஒன்றில் பருப்புக் கறை.
மேல்கட்டில் இடும்பன் இறங்கிவந்து நீட்டியது
ஒன்பது வருஷத்து போர்டிங் பாஸ்.
சூட்டில் மை பறந்து
வெறும் வெள்ளைத்தாள்.

இதில் ஒன்றுமே இல்லையே அண்ணே.

எனக்குத் தெரியும், என்றார்.
தேதியும் மணியும் நான் சொல்றேன்,
நீ எழுது.