இரண்டு புள்ளி நான்கு

காலை எட்டரைக்குப்
புனலைத் திருகி எடுக்கிறேன்.
உள்ளே நேற்றிரவு.

குடியாத்தம் தாலுகா ஆபீசுக்குப் பின்னால்
முள்கம்பி வேலிக்குள் நிற்கிறது மழைமானி.
குப்பைத்தொட்டி என்றே நினைக்கிறார்கள்.
யாரோ ஒருவர் அதில் பாக்குப் பொட்டலத்தின் உறையைப் போட்டிருந்தார்.
அன்று மழையில்லை.
உறையை எடுத்துவிட்டு 0.0 என்று எழுதினேன்.

போத்தலைத் தூக்கு, அளவைக் குழாயில் ஊற்று,
தண்ணீர் ஓரங்களில் ஏறும், நடுவில் தாழும்,
தாழ்ந்த இடத்தைப் படி.
பயிற்சியில் சொன்னது இவ்வளவுதான்.
அதைப் படிக்க மண்டியிட வேண்டும் என்று
யாரும் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முட்டி நோகுமென்று
பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறவள் நான்.
இங்கே தினமும்
ஒரு கண்ணாடிக் குழாய்க்கு முன்னால்.

இன்று 2.4.

இரண்டரை இருந்தால் அது மழைநாள்.
ஒரு கோடு குறைந்தால்
மழை பெய்த நாள்தான், மழைநாள் இல்லை.
நனைந்த என் குடைக்கு இது புரியாது.
காப்பீட்டுக்காரர்களுக்குப் புரியும்.
மழைநாளே இல்லாமல் இருபத்தொரு நாள் போனால்
மல்லாட்டைக்குப் பணம்.
இன்று இருபதாம் நாள்.

பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டார்
தட்டப்பாறை தேசிங்கு.
வாசலில் செருப்பைக் கழற்றியவர்
உள்ளே வராமல் நின்றார்.
"இன்னா மேடம், எவ்ளோ கீது?"
மழை வேண்டாமென்று வேண்டிக்கொண்டு
ராத்திரியெல்லாம் விழித்திருந்த
விவசாயியின் கண்ணை
முதன்முதலாக இன்றுதான் பார்த்தேன்.
விழுது இறங்குகிற நேரம், மேடம்,
எங்க பக்கம் புழுதிகூட அடங்கல,
இங்க மட்டும் எப்படிப் பெஞ்சிது என்றார்.
ஏதோ நான்தான் பெய்யவைத்ததுபோல.

ஏட்டைத் திருப்பிக் காட்டினேன்.
விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.
இரண்டு. புள்ளி. நாலு.
அந்தப் புள்ளியின் மேல்
விரல் கொஞ்சநேரம் நின்றது.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.

வேலிக்கு மேற்கே
பாலாற்றில் பிடிபட்ட மணல் லாரி
இரண்டு வருடமாக நிற்கிறது.
நாலு டயரும் உட்கார்ந்துவிட்டன.
வழக்கு ராணிப்பேட்டைக்கும் வேலூருக்கும்
நடந்துகொண்டிருக்கிறது.
எந்தப் பொருளும் தன் உயரத்தைப்போல் இருமடங்கு
தள்ளி நிற்க வேண்டும் என்பது மழைமானியின் சட்டம்.
நான் எட்டு வைத்து அளந்தேன்.
நாலே எட்டு.
மேல்காற்றில் சாய்ந்து வரும் தூறலை
மானிக்குக் கிடைக்காமல்
லாரி தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது.
நகர்த்தச் சொல்லி மூன்று கடிதம் போட்டேன்.
மூன்றுக்கும் வரிசை எண் கொடுத்தார்கள்.

அது அங்கே இல்லாதிருந்தால்
2.6 இருக்கலாம். 2.7கூட.
ஆற்றை அள்ளிக்கொண்டு போன வண்டி
தேசிங்குக்கு இரண்டு கோடு கடன் கொடுத்திருக்கிறது.

நான் பொய் எழுதவில்லை.
குழாயில் இருந்ததை எழுதினேன்.
தட்டப்பாறையில் ஒரு சொட்டும் விழவில்லை,
அதையும் இந்தக் குழாய்தான் சொல்லியாக வேண்டும்.
தவறான அளவு சரியான வயலுக்குப் போகிறதா,
சரியான அளவு தவறான வயலுக்கா?
கையெழுத்துக்கென்று ஒரு சின்னக் கட்டம்.
ர. அமலோற்பவம்.
அதற்குள் என் பேரே முழுதாக அடங்குவதில்லை.

நாலாவது கடிதம் தட்டச்சாகி
மேசை இழுப்பறையில் இருக்கிறது.
தேதி இன்னும் போடவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனபோது
சக்கரத்தில் கால் வைத்து ஏறி
லாரிக்குள் எட்டிப் பார்த்தேன்.
மூலையில் மிச்சமிருந்த ஆற்றுமணல் ஈரமாக இருந்தது.
அதில் ஓர் ஆமணக்குச் செடி,
முழங்கை உயரம்.
பள்ளமான இடத்தில் தேங்கிய தண்ணீரில்
இரண்டு மைனாக்கள்
குளித்துக்கொண்டிருந்தன.

ஏட்டில் ஏறாத தண்ணீர்.
என்னைப் பார்த்தும் அவை பறக்கவில்லை.

நாளைக் காலை எட்டரை.
வானம் இப்போதே
கல்லப்பாடிப் பக்கம் கறுத்திருக்கிறது.