இரண்டு மணித் தண்ணீர்

பதினாறு வருஷம் ஷார்ஜாவில்
யார் யார் கட்டடங்களுக்கோ
குளிர்குழாய்க்குச் சட்டை போட்டவர்
இந்தச் சித்திரையில் ஊரோடு வந்தார்.
எங்கள் வீட்டுக் குழாயைத் தொட்டுவிட்டுக்
கையை உதறினார்.
"இத்தனை நாளா இதுலயா குளிச்சீங்க?"

இதில்தான்.
கீழக்கரை மொட்டைமாடியில்
குழாய்க்கு நிழல் ஏது.
ஸுப்ஹுக்குத் திறந்தால் தண்ணீர்.
பத்து மணிக்குக் கஷாயம்.
லுஹருக்கு ஒளு எடுக்கப் போனால்
முதல் செம்பு முகத்தில் அறையும்.
கொட்டிவிடவும் முடியாது,
எட்டு நாளைக்கொரு தடவை வரும் காவிரி.
வாளியில் பிடித்து, தட்டு போட்டு மூடி,
அது கோபம் தணியட்டும் என்று
மூலையில் வைப்பேன்.
மகனைக் குளிப்பாட்டியதெல்லாம்
முந்தின நாள் தண்ணீரில்.

போனில் அரிசி விலை சொன்னேன்,
காய்ச்சல் சொன்னேன், மதினி சண்டை சொன்னேன்.
குழாய் சுடுகிறது என்பதை
கார்டு தீரும் நேரத்தில் யார் சொல்வார்?

பழைய இரும்பை அறுத்தபோது
உள்ளே உப்பு பாறையாகி
சுண்டுவிரல் நுழையும் ஓட்டைதான் மிச்சம்.
புதுக் குழாய் ஏறியது.
தொட்டிக்கு வெள்ளை, மேலே பச்சை வலைப் பந்தல்.
அப்புறம் அவர் உட்கார்ந்தார்:
கறுப்பு ரப்பர் நுரையை நீளமாகக் கீறி,
பசை தடவி, காயும்வரை ஊதி,
குழாயைப் பிள்ளைபோல் உள்ளே வைத்து மூடி,
வளைவுகளில் சரிவாக வெட்டிப் பொருத்தி,
மேலே வெள்ளி டேப்.
பிளம்பர் சேசுராஜ் சிரித்தான்:
"பைப்புக்கு ஸ்வெட்டரா பாய்?
காக்கா கொத்திட்டுப் போயிரும்."
இவர் நிமிரவில்லை.
"மூட்டுல நூல் இடைவெளி இருந்தா போதும்,
வெயிலு அதுவழியா வந்து குடியிருக்கும்."

மேற்குச் சுவருக்கு வந்ததும்
இதை மட்டும் விடுங்கள் என்றேன்.
"வேலைன்னா முழுசா இருக்கணும் ஜுலைகா."

பின்பக்கக் குழாய்க்கு
இரண்டு மணிக்கு இருளாயி வருவாள்.
காலையிலிருந்து சாளை காயப்போட்ட கை.
பச்சைத் தண்ணீருக்கு அந்த எண்ணெய் அசையாது.
எங்கள் குழாயின் முதல் வாளிக்கு அசையும்.
முழங்கைவரை தேய்த்துக் கழுவி,
முகர்ந்து பார்த்து, மறுபடி தேய்த்து,
இரண்டேமுக்கால் ஏர்வாடி பஸ்ஸைப் பிடிப்பாள்.
பக்கத்தில் உட்கார்ந்தவர்
எழுந்துபோன நாள்களை
எனக்கு எண்ணிச் சொல்லியிருக்கிறாள்.

இதையும் போனில் சொன்னதில்லை.

ரப்பரைச் சுருட்டிக் கீழே வைத்தார்.
ரொம்ப நேரம் சுவரைப் பார்த்தார்.
சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன்,
அந்த ஒரு குழாய்க்கு மட்டும்
கருப்பு பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்.
"கறுப்புன்னா இன்னும் நல்லா சுடும்"
என்றார், திரும்பாமல்.

மறுநாள் லுஹருக்கு
உள்குழாயைத் திறந்தேன்.
தண்ணீர், வெறும் தண்ணீர்.
பின்னால் இருளாயி
ஸ்ஸ் என்று கையை இழுத்துச் சிரித்தது கேட்டது.
நான் வாளி நிறையப் பிடித்து,
தட்டு போட்டு மூடி,
மூலையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்,
பழக்கத்தில்.