ரசீதின் பின்பக்கம்

கடையடைத்து, தேக்சாக்களைக் கவிழ்த்து,
‘கரண்டி இரண்டு குறைவு’ என்று நோட்டில் எழுதிவிட்டு
போனைத் திறக்கிறேன்.
மணி பத்தே முக்கால்.
கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு டவுன் பஸ்
இன்னும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

மாதம் எழுபத்தொன்பது ரூபாய்தானாம்.
அந்தக் காசுக்கு என்னிடம்
ஒரு கஞ்சி வடிதட்டுகூட ஒருநாள் வாடகைக்கு வராது.
அவர்கள் ஒரு வெப்சைட்டையே குடிவைக்கிறார்கள்,
பூட்டோடு, பெயரோடு,
பதினைந்து மின்னஞ்சல் முகவரியோடு.

வாடகைத் தொழிலில் எனக்கு இருபத்திரண்டு வருடம்.
மலிவு என்று ஒருவன் சொன்னால்
கை தானாகப் பாத்திரத்தைப் புரட்டி
அடியைப் பார்க்கும்.

புரட்டினேன்.
எழுபத்தொன்பதின் தோளில் ஒரு நட்சத்திரம்.
அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால்
பக்கத்தின் பாதாளத்தில் கடுகளவு எழுத்து:
நாற்பத்தெட்டு மாதப் பணம் இன்றே.
அப்புறம் மாதம் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
வரி தனி.
பெயர் முதல் வருடம் சும்மா,
இரண்டாம் வருடம் ஆயிரத்து முந்நூறுக்கு ஒரு ரூபாய் குறைவு.
அந்த ஒரு ரூபாயில்தான் எத்தனை மரியாதை.

இன்னொருவன் இடம் தருகிறான், நூறு ஜிபி.
என்னிடம் இருப்பது பதினொரு போட்டோ,
ஒரு விலைப்பட்டியல்.
நாலு பேர் சோற்றுக்கு நாற்பது படி தேக்சாவா?
அடி பிடிக்கும், வேறென்ன.

வேறொருவன், எல்லாமே அளவில்லை என்கிறான்.
அளவில்லாச் சாப்பாடு போடும் மெஸ்ஸில்
இரண்டாம் தடவை சாம்பார் கேட்டுப் பார்த்தவள் நான்.
வாளி இருக்கும். ஆள் இருக்க மாட்டான்.

பகிர்ந்த சர்வர் என்பது
ஒரே மோட்டாரில் பன்னிரண்டு குடித்தனம்.
மேல்வீட்டில் கல்யாணம் வந்தால்
கீழ்வீட்டுக் குழாயில் காற்று வரும்.
அது எனக்குப் பயமில்லை, அப்படித்தான் குடியிருக்கிறேன்.
கேட்க வேண்டியது ஒன்றுதான்:
மோட்டார் போடுகிறவன் போனை எடுப்பானா?

பைபாஸ் ரோட்டில், டயர் கடைக்கு மேல் மாடியில்
ஞானதுரை என்று ஒருத்தர். எடுத்தார்.
மாதம் இருநூற்றிப் பத்து.
அடுத்த வருடம்?
“அதே இருநூற்றிப் பத்துதாங்க.”
முகூர்த்த நாளில் படுத்துக்கொள்ளுமா?
கொஞ்சம் யோசித்து,
“என்னைக்காவது படுக்கும். எழுப்பிருவோம்” என்றார்.
படுக்கவே படுக்காது என்று சத்தியம் செய்த மூவரை
அங்கேயே விட்டுவிட்டேன்.

தினமும் நகல் எடுத்து வைப்பீர்களா
என்று மட்டும் இரண்டு தரம் கேட்டேன்.
செல்லூர்க் கண்மாய்த் தண்ணீர் தெருவுக்கு வந்த இரவு
என் நோட்டு நனைந்து,
யார் வீட்டில் எத்தனை தாம்பாளம் என்பது
அவரவர் மனசாட்சிக்கு மட்டும் தெரிந்திருந்தது.
பதினாறு தாம்பாளம் திரும்பவில்லை.

நூர் என்ற பெயரை
ஷார்ஜாவில் ஒரு திரைச்சீலைக்காரர் பிடித்துவைத்திருந்தார்.
பின்னால் மதுரையைச் சேர்த்துக்கொண்டேன்.
ஊர் எனக்குக் கூடுதல் விலை சொல்லவில்லை.

பக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான்
ரசீதுப் புத்தகம் கண்ணில் பட்டது.
பின்பக்கம், கடுகளவு எழுத்தில், என் பெயர் போட்டு:
ஒடுக்கு விழுந்தால் வாடகையில் பாதி.
காலை ஆறு தாண்டினால் இரண்டாம் நாள் கணக்கு.
நட்சத்திரம்கூடப் போடவில்லை நான்.

வாடகை எழுதிய அதே தடிப்பில்
அதையும் மேலே ஏற்றினேன்.
லோடு ஆட்டோ ஓட்டும் இல்யாஸ் எட்டிப் பார்த்துவிட்டு,
“லாத்தா, வர்றவனும் ஓடிருவான்” என்றான்.

மூன்றாம் நாள் முதல் செய்தி.
ஒத்தக்கடையிலிருந்து, வலீமா விருந்து, முந்நூறு பேர்.
தேக்சா எத்தனை என்று கேட்கவில்லை.
அடுப்பு உண்டா என்று கேட்கவில்லை.
ஒடுக்குக் காசில் ஏதாவது குறைப்பீர்களா
என்று கேட்டிருந்தார்.