இணைப்பு: ஒன்று

பதினான்கு பேர் இருந்தோம்.
பறவை பார்க்கிறவர்கள் என்று சொல்லிக்கொண்டு
பெரும்பாலும் ஒருவரையொருவர்
திருத்திக்கொண்டிருந்தோம்.

மின்னஞ்சலுக்கு விதி எழுதியவன் நான்தான்.
ஆங்கிலத்தில் எழுதினால்
முழுக்கப் பெரிய எழுத்தில் கத்தக் கூடாது.
முந்தைய கடிதம் மொத்தத்தையும்
வாலாகக் கட்டி இழுத்து வரக் கூடாது.
'நன்றி' என்ற ஒற்றைச் சொல்லை
பதினான்கு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லக் கூடாது.
படம் அனுப்பவே கூடாது.
கடைசி விதிக்குக் கீழே கோடு போட்டிருந்தேன், இரண்டு.

பெரம்பூரில் எனக்கு இருந்தது
ஒரே தொலைபேசிக் கம்பி.
அது கிறீச்சிட்டு, இருமி, காறி
வெளியுலகத்தைப் பிடித்துவிட்டால்
வீட்டில் யாரும் ரிசீவரைத் தொடக் கூடாது.
அதுவும் ஒரு விதி.

ஒரு சனிக்கிழமை காலை
ஹெப்சிபா படம் அனுப்பினாள்.
தரமணியில் அவள் அலுவலகத்தில்
பைப்பைத் திறந்தால் கொட்டுகிற மாதிரி இணையம்.
இரண்டரை மெகாபைட்.
"பள்ளிக்கரணை, புதன் காலை ஆறு பத்து.
லேபில் கழுவி ஸ்கேன் பண்ணியிருக்கிறேன்.
இது என்ன பறவை?
சொல்லத் தெரியவில்லை, பாருங்கள்."

நாலு சதவீதம். ஏழு.
பல் தேய்த்துவிட்டு வந்தேன். பதினெட்டு.
மேலிருந்து கீழாக, விரற்கடை விரற்கடையாக
வானம் வந்தது.
பிறகும் வானம்.
பிறகு பெருங்குடிக் குப்பைமேட்டின் புகை.
கோரையின் நுனி.
ஏதோ ஒன்றின் உச்சந்தலை,
கறுப்போ, நனைந்த பழுப்போ,
அறுபத்தொன்றில் கம்பி அறுந்தது.

அந்த நாற்பது நிமிடத்தில்
பின் தெருவிலிருந்து பிரமிளா
மூன்று முறை அழைத்திருக்கிறாள்.
எங்கேஜ்ட். எங்கேஜ்ட். எங்கேஜ்ட்.
மெட்ரோ வாட்டர் லாரி வந்து நின்று
போயும் போய்விட்டது.
எட்டுக் குடம் வாயைப் பிளந்தபடி வாசலில்.
அடுத்த லாரி செவ்வாய்க்கிழமை.

முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதினேன்.
'சிலருக்கு' என்று தொடங்கினேன்.
பெயர் சொல்லாமல் திட்டுவதும்
ஒரு மரியாதை என்று அப்போது நினைப்பு.

பதில்கள் வந்தன.
வில்லிவாக்கம் தெய்வசிகாமணி
என்னை ஆதரித்து எழுதினார்,
அந்தப் படத்தோடே சேர்த்து ஃபார்வர்டு செய்து.
ராயபுரம் வஹீதா
விதியெல்லாம் யார் வீட்டுக் கம்பிக்காக என்று கேட்டார்.
இன்னொருவர் கடிதம் எழுத்துரு ஒத்துக்கொள்ளாமல்
முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்து சேர்ந்தது;
அன்றைக்கு வந்ததில் நியாயமானது அதுதான்.
நாற்பத்து மூன்று கடிதம்.
பறவையைப் பற்றி ஒன்றிலும் ஒரு வரி இல்லை.

வியாழக்கிழமை ஹெப்சிபா எழுதினாள்.
நாலு கிலோபைட்கூட இருக்காது.
"தலை, ஊறவைத்த புளியின் நிறம்.
கால், காம்புப் பக்கம் மட்டும் பழுத்த மிளகாய்.
புதிதாகக் குடிவந்த வீட்டில்
ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவர் மாதிரி நடந்தது.
ஒரு தடவை என்னைப் பார்த்தது.
நான்தான் முதலில் கண்ணை எடுத்தேன்.
இதற்கு மேல் எனக்கு வார்த்தை வராது,
அதனால்தான் படம்.
என் பெயரை எடுத்துவிடுங்கள்."

எடுத்துவிட்டேன்.
மற்றவர்களுக்குத் தகவல் சொன்னேன்,
சுருக்கமாக, விதிப்படி.

இப்போது விடிவதற்குள் கைபேசியில்
நூறு படம் வந்து விழுகிறது.
ரோஜா, வேல், ஆவி பறக்கும் காபி, இனிய காலை.
விரலால் தள்ளிவிடுகிறேன்.
ஒன்றும் பாதியில் அறுவதில்லை.

துரைப்பாக்கம் ரேடியல் சாலையில்
வண்டியை ஓரங்கட்டி
இரண்டு மூன்று தடவை நின்று பார்த்திருக்கிறேன்.
நாமக்கோழி. நாமக்கோழி.
தூரத்தில் ஒரு கூழைக்கடா.
கோரைக்குள் எதுவோ
சத்தம் வராமல் காலெடுத்து வைக்கிற மாதிரி.
குனிகிறேன்.
முதுகுக்குப் பின்னால் தண்ணீர் லாரி ஒன்று
ஹாரனை அழுத்திக்கொண்டே நிற்கிறது,
நகரு நகரு என்று.