குந்தி எடுத்தவள்

தரையில் ஒரு சோடாமூடியைப் போட்டேன்.
இரண்டரை வயது. பெயர் மோசெலான்ஜா,
எங்கள் செசோதோவில் நாய்வால்.
முன்னே இரண்டு போனதால்
சாவுக்குப் பிடிக்காத பெயராய்ப் பார்த்து வைத்தது.

அவள் குனியவில்லை.
ஒரு கையைத் தொடையில் ஊன்றி
பலகைபோல் நிமிர்ந்தபடியே இறங்கி,
குந்தி,
விரல்களால் துழாவி எடுத்தாள்.
எடுத்ததும் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலைமேல் கிளினிக்கில் பூச்சிமருந்து, இரண்டு தடவை.
அப்புறம் வைட்டமின்.
ராத்திரி மட்டும் வீரிட்டு அழுவாள் என்றாள் தாய் மாலினேயோ.
(லினேயோவின் அம்மா என்று பொருள்.
அந்த லினேயோதான் முதலில் போனது.)

இருமல்?
இவளுக்கு இல்லை.
வீட்டில்?
அவள் கதவைப் பார்த்தாள்.
வெளியே, வெல்கொம் சுரங்கத்திலிருந்து
போன குளிர்காலம் திரும்பியவன்
தொப்பிக்குள் இருமிக்கொண்டிருந்தான்.

சட்டையைத் தூக்கினேன்.
நடுமுதுகில் ஒரு கணு,
சோளத்தட்டையில் இருப்பதுபோல.
தடவிய விரலை எடுக்க மனமில்லை.

ஜெனரேட்டர் ஓடிய அரைமணியில் எக்ஸ்ரே:
இரண்டு முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து,
இரு பக்கமும் தக்களி வடிவில் சீழின் நிழல்.
மூன்று விடியல்கள், அவள் எழுமுன்,
மூக்கில் குழாய் விட்டு
விழுங்கிய சளியை உறிஞ்சினோம்.
மூன்றிலும் கிருமி இல்லை என்றது தாள்.
டாக்டர் கபாம்பா தாளைக் கவிழ்த்து வைத்தார்.
பாதங்களைத் தட்டிப் பார்த்தார்:
கால் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, சீக்கிரம்.

ஒரு வருடம், என்றேன்.
மாத்திரை தண்ணீரில் கரையும்.
மூத்திரம் ஆரஞ்சாகும், பயப்படாதே.
மார்பைச் சுற்றி மாவுக்கட்டு.
அப்பனுக்கும் இன்றே மருந்து.
இனி முதுகில் கட்டித் தூக்காதே.

கடைசி வரிக்குத்தான் அழுதாள்.
கையில் கம்பளி, நான்காய் மடித்தது.
வீட்டுக்கு நாலு மணி நேரம்,
நடுவே இரண்டு ஆறு.
வேறு எப்படித் தூக்குவார்கள் பிள்ளையை?

எனக்கும் தெரியவில்லை.
வார்டில் கட்டில் ஒன்று காலியாக இருந்தது.
இருங்கள், என்றேன்.

பதின்மூன்றாம் மாதம்.
மாவுக்கட்டு போய்விட்டது. கணு போகவில்லை,
போகாது.
அவள் ஓடி வந்தாள்.
பையிலிருந்து அதே மூடியைப் போட்டேன்.

பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.
காலால் ஒரு தள்ளு,
மூடி கட்டிலுக்கடியில்.

நான்தான் குனிந்தேன்.