இருபது வரை

ஆறு மாதம் சும்மா பூமியில் இருந்தாலே
உடம்பில் ஏறுகிற கதிர்தான், அவ்வளவுதான்
என்று படுக்கவைத்துவிட்டு
கண்ணாடிக்குப் பின்னால் போனாள் தாண்டேகா.

கொஞ்சம்தான் என்றால் நீ ஏனம்மா ஒளிகிறாய்?

உங்களுக்கு வருஷத்துக்கு ஒன்று, அங்கிள்.
எனக்கு இன்றைக்கே நீங்கள் பதினேழாவது.
சட்டையில் செருகிய வில்லையைத் தொட்டுக் காட்டினாள்:
அவள்மேல் படுவதை அது எண்ணுமாம்.

மெர்பேங்க் எண்ணெய் ஆலை வாசலில்
எனக்கும் ஒரு வில்லை தந்தார்கள்,
முப்பத்தோரு வருஷம்.
பிந்தி வந்த நிமிஷங்களை எண்ணியது அது.

வளையம் சுழன்றது.
மூச்சை அடக்கு என்றது இயந்திரக் குரல்.
அது எனக்குப் பழக்கம்.
பள்ளிக்கூட பஸ் புகைபோக்கிகளைத் தாண்டும்வரை
மூக்கைப் பிடித்துக்கொண்டு
இருபது எண்ணுவோம், நானும் லோகனும்.
லோகன் எப்போதும் பன்னிரண்டில் விட்டுவிடுவான்.

விடலாம் என்றது.
நான் பதினான்கில் இருந்தேன்.