இரண்டு கார் கணக்கு

சிந்திய தே தாரிக்கை விரலால் இழுத்து
செந்தூல் மாமாக் கடை மேசையில்
ஓர் ஆறு செய்தான் பவித்திரன்.
மேலே கோலா தஹான், அது மிளகுத்தூள் டப்பி.
கீழே படகுத்துறை, அது சீனிக் கிண்ணம்.
நடுவில் அறுபது கிலோமீட்டர் காடு.
அதற்கு வைக்க எதுவும் இல்லை,
வெறும் மேசைதான்.

"தண்ணியே கொண்டு போயிடும்" என்றான்.
"திரும்பி வர்றதுக்குத்தான் மூளை வேணும்."

மூளை என்றால் நான்.
கிள்ளான் துறைமுகத்தில் பகல் முழுக்க
காலிக் கொள்கலன்களுக்கு
ஊர் திரும்ப வழி தேடித் தருபவள்.
ரசீதைத் திருப்பிக் கோடு போட்டேன்.

வெள்ளி இரவு இரண்டு காரும் கிளம்பும்.
இரண்டும் முதலில் கீழ்த்துறைக்கு.
உன் ஹைலக்ஸ் அங்கேயே நிற்கும்,
பக்கத்துக் கடைக்காரருக்கு நாளுக்குப் பத்து ரிங்கிட்.
நால்வரும் என் மைவியில் நெருக்கி ஏறி மேலே,
மடித்த ரப்பர் படகில் ஒன்று
லோகேஸ்வரி மடியில்.
சனி காலை காற்றடித்து இறங்குகிறோம்.
இரவு மணல் திட்டில்.
ஞாயிறு மதியம் கரை, ஹைலக்ஸ், உலர்ந்த சட்டை.

அப்போது மைவி மேலே நிற்கும்.
அதை எடுக்க யாராவது போக வேண்டும்.

'யாராவது' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினேன்.

ஹைலக்ஸின் கிளட்ச் உன் காலுக்கு மட்டுமே படிந்தது.
லோகேஸ்வரிக்கு ஓட்டத் தெரியாது.
பவித்திரனுக்குத் தெரியும் என்பான்,
என் பின் பம்பர் வேறு மாதிரிச் சொல்லும்.
ஆகவே அவர்கள் படகைக் காயவைப்பார்கள்.
நீயும் நானும்
செம்பனைக்கு நடுவே
ஒன்றேகால் மணி நேரம்
ஒரே காரில்.

நமக்கு ஒரே கார் இருந்த காலத்தில்
இந்தப் பயணமே நடந்திருக்காது.
ஒரு காரை வைத்துக்கொண்டு
திரும்பாத ஆற்றில் இறங்க முடியாது.
"நல்லவேளை, இப்ப ரெண்டு இருக்கு"
என்றான் பவித்திரன்,
அவனுக்கு எதுவும் உறைக்காது.
லோகேஸ்வரி அவன் காலை மிதித்தாள்.
மேசை ஆடியதில்
ஆறு என் பக்கம் வழிந்து
கைப்பைக்குள் சொட்டியது.

வேன் பிடிக்கலாம் என்றேன்.
பாக் ஜைனிக்கு அப்போதே அழைத்தேன்.
அவர் வீட்டில் தொலைக்காட்சியில் யாரோ கோல் போட்டார்கள்.
துறையிலிருந்து மேலே ஆளை ஏற்றிப் போக
இருநூற்று எண்பது ரிங்கிட்.
ஞாயிறு ஒரு கல்யாணச் சவாரி கேட்டிருக்கிறார்களாம்,
புதன் வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன் என்றார்.

இருநூற்று எண்பதை நான்கால் வகுத்தேன்.
எழுபது.
வகுத்திருக்கக் கூடாது,
அது முழுக்க என் கணக்கு.

"மழை பேஞ்சா அந்த ரோட்டுல மரம் விழும்"
என்றாய் நீ.
வேன் வேண்டும் என்பதா, வேண்டாம் என்பதா?
எட்டு வருடம் அந்தக் குரலோடு குடியிருந்தும்
பிடிபடவில்லை.

பிறகு சாவி.
இதில் எல்லோரும் கோட்டை விடுவார்கள்.
கீழே நிற்கும் காரின் சாவியை
மேலே நிற்கும் காரில் வைத்துவிட்டு
இரண்டு நாள் துடுப்புப் போட்டு வந்து
கண்ணாடி வழியே
உலர்ந்த சட்டையைப் பார்ப்பார்கள்.
அதனால் சாவிகள் ஆற்றில் வரும்,
தண்ணீர் புகாத பையில்.
இரண்டும் ஒரே படகில் வேண்டாம்,
கவிழ்ந்தால் இரண்டும் போகும்.
நீ லோகேஸ்வரியோடு, நான் பவித்திரனோடு.
இதற்கு மட்டும்
நீயும் நானும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

கடைப் பையன் வந்து
ஒரே இழுப்பில் ஆற்றைத் துடைத்தான்,
டப்பியையும் கிண்ணத்தையும்
அடுத்த மேசைக்குக் கொண்டுபோனான்.
ரசீது என் கையில்.
'யாராவது' இன்னும் யாராவதுதான்.

புதன் வரை என்றார் பாக் ஜைனி.
அப்போது திங்கள் இரவு.
கார் நிறுத்தத்தில்
என் விளக்கைத் தாண்டி உன் விளக்கு திரும்பியபோது
மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.